கேழ்வரகும் கொக்கோவும்

கிறிஸ்து பிறப்பு விழா நெருங்கும்போது நம் பங்குகளில் இரண்டு வகையான மணம் எழும். ஒன்று, புதிதாய்ச் சுண்ணாம்பு பூசிய கோவிற்சுவரின் மணம். மற்றொன்று, வீடுதோறும் அடுப்பிலேறிய எண்ணெய்ச் சட்டியின் மணம். முறுக்கும் அதிரசமும் குல்குலும் இல்லாத விழா ஒரு விழாவா என்று கேட்பார்கள் கோவிலூர், பி. பள்ளிப்பட்டி போன்ற பழைய கத்தோலிக்க ஊர்களின் மூதாட்டிகள். இப்போது இவற்றோடு இன்னொன்றும் வந்து சேர்ந்திருக்கிறது. அதற்கு மணம் வெளியே வராது; பளபளக்கும் தாளுக்குள் அடங்கிக் கிடக்கும். சாக்லேட்டைத்தான் சொல்கிறோம்.

பங்குக் குரு ஒருவர் சாக்லேட்டைப் பற்றி எழுதவும் வேண்டுமா என்று தாய்மார் நகைக்கக் கூடும். மறைக்கல்வி வகுப்பின் வருகைப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தவர்க்கு அந்த நகைப்பு வராது.

நமது பங்கில் மூன்றாம் வகுப்பு மறைக்கல்வி பயிலும் சிறுமி ஒருத்தி உண்டு. மழையாயினும் வெயிலாயினும் ஞாயிறு தவறாதவள். செபங்களை மூச்சுவிடாமல் ஒப்பிப்பாள். அப்படிப்பட்டவள் ஒரு ஞாயிறு வரவில்லை. காய்ச்சலோ என்று விசாரிக்கச் சென்ற ஆசிரியை திரும்பி வந்து சொன்ன காரணம் வேறு. அன்று அச்சிறுமியின் பிறந்த நாளாம். பிறந்த நாள் வரும் பிள்ளை வகுப்பிலுள்ள அனைவர்க்கும் சாக்லேட் வழங்குவதென்று எவரும் விதிக்காத ஒரு வழக்கம் சில ஆண்டுகளாகவே வேரூன்றிவிட்டது. வகுப்பில் 34 பிள்ளைகள். தந்தைக்குப் பெங்களூரில் கட்டட வேலை. அந்த வாரம் அவர் பணம் அனுப்பவில்லை. "வெறுங்கையோடு போனா எல்லாரும் கேப்பாங்க டீச்சர்" என்று சொல்லிக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டாளாம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். பத்து ரூபாய்ச் சாக்லேட் 34 வாங்கினால் 340 ரூபாய். நூறு நாள் வேலைக்கு 2024-25ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் வகுக்கப்பட்ட நாட்கூலி 319 ரூபாய். ஒரு தாய் நாள் முழுதும் மண் சுமந்து ஈட்டும் கூலி அப்படியே போனாலும் வகுப்பின் கடைசிப் பெஞ்சுப் பிள்ளைகள் மூவர்க்குச் சாக்லேட் எட்டாது. ஐந்து ரூபாய்ச் சாக்லேட் இருக்கிறதே என்பீர்கள். முந்தின வாரம் பத்து ரூபாய்ச் சாக்லேட் கொடுத்த பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து ஐந்து ரூபாய்ச் சாக்லேட்டை நீட்டுவது எவ்வளவு கடினம் என்பதைக் குழந்தைகளைக் கேட்டால் சொல்வார்கள்.

இவ்வழக்கத்தை ஒரே அறிவிப்பில் நிறுத்திவிட இயலும். பீடத்தின் முன் நின்று, "இனி எவரும் எதுவும் கொடுக்கலாகாது" என்று சொல்லிவிட்டால் முடிந்தது. ஆயின் ஒரு குழந்தை தன் மகிழ்ச்சியைப் பிறரோடு பகிர்ந்து உண்பதைத் தடை செய்வது திருச்சபைக்கு அழகாகுமா? பகிர்தல் நல்லது, தவறு விலைச்சீட்டில்தான் இருக்கிறது. எனவே தாய்மார் சங்கத்தைக் கூட்டி, வீட்டிலேயே செய்யத்தக்க சாக்லேட் இனிப்பு ஏதேனும் உண்டா என்று கேட்டோம்.

முதலில் எழுந்த ஆட்சேபம் நியாயமானது. "சாமி, கேக்கு கீக்கு செய்யணும்னா ரொட்டிக் கடை மாதிரி அடுப்பு வேணுமே, எங்க வீட்ல ஒரு கேஸ் அடுப்பு, அதுவும் சிலிண்டர் முடிஞ்சா விறகுதான்" என்றார் ஒருவர். உண்மையே. நமது பங்கில் ரொட்டி சுடும் மின்னடுப்பு உள்ள வீடுகளை ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். இதற்கு மறுமொழி மூலையில் அமர்ந்திருந்த ஒரு பாட்டியிடமிருந்து வந்தது. "எள்ளுருண்டைக்கும் பொரியுருண்டைக்கும் எந்த ரொட்டி அடுப்பு வெச்சிருந்தோம்?" என்றார்.

அப்பாட்டியின் சொல்லில் ஒரு சமையல் சாத்திரமே அடங்கியிருக்கிறது. மேனாட்டார் தம் இனிப்புகளைப் பெரும்பாலும் மாவைக் குழைத்து அடுப்பினுள் வைத்துச் சுட்டெடுத்தனர். நம் முன்னோரோ மாவையும் பருப்பையும் முன்னதாகவே வறுத்து, வெல்லப் பாகினால் கட்டி உருட்டினர். வேக வேண்டியது முதலிலேயே வெந்துவிடுகிறது. பிறகு செய்யவேண்டியது சேர்த்துப் பிடிப்பது மட்டுமே. கடலை உருண்டை, பொருள்விளங்கா உருண்டை, கமர்கட்டு யாவும் இந்த முறையில் பிறந்தவையே. இக்காலத்தில் சுடாமல் செய்யும் சாக்லேட் இனிப்பு என்று எதைப் புதுமையாகப் பேசுகிறார்களோ அது நம் பாட்டிமாரின் கைப்பழக்கத்துக்கு மிக அருகில் இருக்கிறது. 1997இல் நம் மறைமாவட்டம் சேலம் மறைமாவட்டத்தினின்று பிரிந்து உருவான காலத்தில்கூட ஊர்ப்புறக் கடைகளின் கண்ணாடிச் சாடிகளில் கமர்கட்டும் தேன்மிட்டாயுமே மிகுதியாய்க் கிடந்தன என்பது நடுவயதினர்க்கு நினைவிருக்கும்.

தருமபுரிச் சீமையில் கேழ்வரகுக்கும் நிலக்கடலைக்கும் வெல்லத்துக்கும் குறைவில்லை. கரும்பு விளையும் ஊர் இது. பாலக்கோட்டிலும் அரூரையடுத்த கோபாலபுரத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் நிறுவப்பட்டது அதனால்தான். கேழ்வரகைப் பற்றி நாம் சொல்ல வேண்டியதில்லை. களியும் கூழும் உண்டு வளர்ந்த உடம்புகள் சாட்சி சொல்லும். நூறு கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. வேறெந்தப் பெருந்தானியமும் இதற்கு ஈடாகாது. ஆயினும் நம் பிள்ளைகள் களியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள், கறுப்பாயிருக்கிறது என்கிறார்கள். அதே பிள்ளைகள் அதைவிடக் கறுத்த சாக்லேட்டுக்குக் கை நீட்டுகிறார்கள். நிறத்தின்மேல் அவர்களுக்குப் பகையில்லை என்பது இதனால் விளங்குகிறது. இரண்டு கறுப்பையும் ஒன்றாய்ச் சேர்த்தால் என்ன என்பதே தாய்மார் சங்கத்தின் யோசனை.

செய்முறையைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம். கேட்டு எழுதிக்கொள்ளப் பங்குவீட்டுக்கு வருவோர் மிகுந்துவிட்டனர்.

கேழ்வரகு மாவு அரை கிலோ, வெல்லம் 350 கிராம், நிலக்கடலை 200 கிராம், கொக்கோத் தூள் 50 கிராம், நெய் 100 கிராம், உப்பு ஒரு சிட்டிகை. நிலக்கடலையை வறுத்துத் தோலைப் புடைத்தெடுத்து, உரலிலோ மிக்சியிலோ கொரகொரப்பாகப் பொடித்துக்கொள்ளவேண்டும். நைய அரைத்தால் எண்ணெய் கக்கிக் களிம்பாகிவிடும். அடுத்து அடிகனத்த வாணலியில் பாதி நெய்யை விட்டு, கேழ்வரகு மாவைச் சிறுதீயில் வறுக்க வேண்டும். இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். கோதுமை மாவோ கடலை மாவோ என்றால் நிறம் மாறுவது கண்ணுக்குத் தெரியும். கேழ்வரகு மாவு இயல்பிலேயே கறுத்தது, கண் ஏமாந்துவிடும். மூக்கைத்தான் நம்பவேண்டும். பச்சை வாடை போய், வறுத்த கடலையை ஒத்த மணம் எழுந்து, மாவு மணல் போல் உதிர்ந்து கரண்டியில் பாரமின்றி ஓடும்வரை பத்துப் பன்னிரண்டு நிமிடங்கள் கைவிடாமல் கிளற வேண்டும். அரைகுறையாய் வறுத்த மாவு நாவில் ஒட்டும், வயிற்றுக்கும் ஆகாது. எந்த மாவாயினும் பச்சையாக உண்பது நல்லதன்று.

அடுப்பை அணைத்தபிறகே கொக்கோத் தூளைச் சலித்துச் சேர்க்க வேண்டும். வாணலியின் சூடே அதற்குப் போதும். தீயில் வறுத்தால் கரிந்து கசக்கும். கடலைப் பொடியையும் உப்பையும் கலந்து வைத்துக்கொள்ளுங்கள். வெல்லத்தை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்து வடிகட்டுங்கள். நம் ஊர் வெல்லம் எவ்வளவு நல்லதாயினும் மண்ணும் சக்கையும் கொஞ்சம் இருக்கும். வடித்ததை மீண்டும் கொதிக்கவைத்து, இரு விரலிடையே தொட்டால் ஒரு கம்பி இழுபடும் பதத்தில் இறக்கி, மாவில் ஊற்றி, மீதி நெய்யையும் விட்டுக் கிளறிக் கை பொறுக்கும் சூட்டிலேயே உருட்டிவிடவேண்டும். ஆறவிட்டால் உதிரும். உதிர்ந்தால் ஒரு கரண்டி சூடான பால் தெளித்து உருட்டலாம். ஆனால் பால் சேர்த்ததை இரண்டு நாளில் உண்டு முடித்துவிடவேண்டும். பால் சேராத உருண்டை மூடிய தூக்குவாளியில் ஒரு வாரம் கெடாது.

இந்த அளவுக்குச் சிறு எலுமிச்சை அளவில் ஐம்பது உருண்டைகள் கிடைத்தன. கேழ்வரகும் கடலையும் பெரும்பாலான வீடுகளில் தம் காட்டில் விளைந்தவை. மற்றவை வாங்கிய செலவு 200 ரூபாயைத் தாண்டவில்லை.

வேறொரு வகையும் உண்டு. இளம் தாய்மார் விரும்புவது அதையே. ஒரு பெரிய பொட்டலம் மாரி பிஸ்கட்டைப் பொடித்து, மூன்று மேசைக்கரண்டி கொக்கோத் தூளும் அரை டின் சுண்டிய இனிப்புப் பாலும் இரண்டு கரண்டி வெண்ணெயும் சேர்த்துப் பிசைந்து, உருட்டித் தேங்காய்த் துருவலில் புரட்டுவது. பத்து நிமிட வேலை; அடுப்பே வேண்டாம்; பிள்ளைகளே செய்துவிடலாம். குளிர்பெட்டி இல்லாத வீட்டில் மார்கழி இரவின் குளிரே இதை இறுக்கிவிடும். தேங்காய்த் துருவல் பச்சையாக இருந்தால் மறுநாளைக்கு வைக்கலாகாது. உலர்ந்த துருவலே ஏற்றது. சுவையாகத்தான் இருக்கிறது. எனினும் கேழ்வரகு உருண்டைக்கும் இதற்கும் சத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு என்று எண்ணுகிறோம். விழா நாளுக்கு இது இருக்கட்டும்.

சாக்லேட் பாளத்தை உருக்கி, வறுகடலையும் பொரியும் தூவித் தட்டில் ஊற்றி வில்லை போடுவோரும் உளர். அவர்கட்கு ஓர் எச்சரிக்கை. பாளத்தை நேரே தீயில் வைக்கலாகாது. ஒரு பாத்திரத்தில் வெந்நீரை வைத்து, அதன்மேல் மற்றொரு பாத்திரத்தை அடி தண்ணீரில் படாமல் அமர்த்தி, ஆவியின் சூட்டில் உருக்கவேண்டும். ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே விழுந்தாலும் உருகிய சாக்லேட் சட்டென்று கட்டிதட்டி மணலாகிவிடும். உருகாமலிருக்கும் வெண்ணெய்க்குத் தண்ணீர் ஊற்றி இளக்கிப் பழகிய கைகள் இங்கும் ஊற்றிவிடுகின்றன. ஊற்றியபின் மீட்க வழியில்லை.

கொக்கோ வெண்ணெய் நம் உடற்சூட்டுக்குச் சற்றுக் குறைவாக, ஏறத்தாழ 34 பாகைச் செல்சியஸில் உருகிவிடும். வாயிலிட்டதும் அது கரைவதன் இரகசியம் அதுவே. சித்திரை வெயிலில் நம் ஊர்ப் பேருந்தில் வரும் சாக்லேட் வீடு சேருமுன் கூழாவதன் காரணமும் அதுவே. அப்படி உருகி மீண்டும் இறுகிய சாக்லேட்டின்மேல் வெண்மையான படலம் படியும். பூஞ்சை பூத்துவிட்டதென்று பலர் குப்பையில் எறிகிறார்கள். அது பூஞ்சையன்று, உள்ளிருந்த கொழுப்பு மேலே வந்து உறைந்ததே. பார்வைக்கு நன்றாயிராது, அவ்வளவுதான். பெங்களூரிலிருந்து தந்தை இரவுப் பேருந்தில் மடியில் வைத்துக் கொண்டுவந்த பெட்டியை வெண்படலம் கண்டு எறிந்துவிடாதீர்கள்.

வாங்கும்போது பொட்டலத்தின் பின்புறத்தைப் படிப்பது நல்லது. விலை மலிவான பாளங்கள் பலவற்றில் 'காம்பவுண்ட்' என்ற சொல் இருக்கும். கொக்கோ வெண்ணெய்க்கு மாற்றாகப் பனை விதை எண்ணெய் போன்ற தாவரக் கொழுப்பைச் சேர்த்துச் செய்தது அது. உருக்கி உறையவைக்க எளிது. வெயிலையும் சற்றுத் தாங்கும். வீட்டு வேலைக்கு அதைத்தான் பெரும்பாலோர் பயன்படுத்துகின்றனர். நஞ்சென்று நாம் சொல்லவரவில்லை. செயற்கை முறையில் இறுக்கிய கொழுப்பினால் உண்டாகும் கேட்டுக் கொழுப்பின் அளவை நூற்றுக்கு இரண்டுக்கு மேற்படலாகாதென்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022 முதல் வரையறுத்துள்ளது. எனினும் அது சாக்லேட்டின் நிழலே என்பதை அறிந்து வாங்குங்கள். குடிக்கும் சாக்லேட் பொடியையும் கொக்கோத் தூளையும் ஒன்றென்று எண்ணுவோர் உண்டு. முன்னதில் பெரும்பங்கு சர்க்கரையே. வெல்லம் என்பதால் நீரிழிவுக்காரர் அள்ளி உண்ணலாம் என்ற எண்ணமும் பிழையானது. வெல்லமும் சர்க்கரையின் உடன்பிறப்பே. நான்கு வயதுக்கு உட்பட்ட மழலையர்க்கு முழுக்கடலை பதித்த வில்லைகளைக் கொடுக்கலாகாது, தொண்டையில் அடைக்கும். நாய்க்கோ சாக்லேட் நஞ்சு. பங்குவீட்டு நாய் தட்டுகளுக்கருகே சுற்றியதால் இதையும் எழுத நேர்ந்தது.

நிற்க. இந்தக் கொக்கோவுக்கும் திருச்சபைக்கும் உள்ள உறவு பழையது என்பதை வாசகர் அறிவது நன்று. 1544இல் தொமினிக்கன் சபைத் துறவியர் நடு அமெரிக்காவின் மாயா இனத் தலைவர்களை ஸ்பெயின் நாட்டு இளவரசர் பிலிப்பின் அவைக்கு அழைத்துச் சென்றபோது, அவர்கள் கொண்டுபோன காணிக்கைகளில் நுரைக்கக் கலக்கிய கொக்கோப் பானமும் இருந்தது. ஐரோப்பாவில் அப்பானத்தைப் பற்றிக் கிடைக்கும் முதற்பதிவு அதுவே என்பர். பின்னர் ஒரு நூற்றாண்டுக் காலம் மேல்நாட்டு மறைநூல் வல்லுநர்கள் ஒரு கேள்வியைக் குறித்துக் கடுமையாக வாதிட்டனர்: சாக்லேட் குடித்தால் ஒருசந்தி முறியுமா, முறியாதா? உணவென்றால் முறியும், பானமென்றால் முறியாது. 1636இல் அந்தோனியோ தெ லெயோன் பினேலோ என்பவர் இதற்கென்றே ஒரு நூல் எழுதினார். 1664இல் கர்தினால் பிரான்செஸ்கோ மரிய பிராங்காச்சியோ, தண்ணீரில் கலக்கிய சாக்லேட் பானமே, ஆதலால் ஒருசந்தியை முறிக்காது என்று வாதிட்டு எழுதினார். அக்காலத்தில் சாக்லேட் என்றால் குடிப்பது மட்டுமே என்பதை மறக்கலாகாது. கர்தினாலின் சலுகையைக் கேழ்வரகு உருண்டைக்கு நீட்டிக்க இயலாது என்பதைத் தவக்காலத்தில் நம்மிடம் வாதாட வரும் சிறுவர்கட்குத் தெரிவித்துக்கொள்கிறோம்! நன்மை வாங்குமுன் காக்கவேண்டிய ஒருசந்தி நள்ளிரவு முதல் என்றிருந்தது. 1957இல் பன்னிரண்டாம் பத்திநாதர் அதைத் திடஉணவுக்கு மூன்று மணி நேரமாகவும், 1964இல் ஆறாம் சின்னப்பர் ஒரு மணி நேரமாகவும் குறைத்தனர். அந்த ஒரு மணி நேரத்தையும் கோவில் வாசலில் பிஸ்கட் மென்று கழிப்போர் இல்லாமலில்லை.

தாமஸ் கேஜ் என்ற ஆங்கிலேயர் 1648இல் வெளியிட்ட பயண நூலில் ஒரு கதை சொல்கிறார். மெக்சிகோவின் சியாப்பா நகர்ச் சீமாட்டிகள் வயிறு பலவீனம் என்று கூறி, திருப்பலி நடுவே பணிப்பெண்களைக் கோவிலுக்குள் வரவழைத்துச் சாக்லேட் குடித்தார்களாம். ஆயர் தடுத்தார், சபை விலக்கும் விதித்தார். சீமாட்டிகள் ஆயர் கோவிலை விட்டு மடங்களின் கோவில்களுக்குப் போய்விட்டனர். சில நாளில் ஆயர் நோயுற்று இறந்தார். சாக்லேட்டில் நஞ்சு கலந்தார்கள் என்று ஊர் பேசிற்று என்கிறார் கேஜ். அவர் முதலில் தொமினிக்கன் துறவி. பின் நம் திருச்சபையை விட்டுப் போனவர். ஆதலால் அவர் கதையைப் பாதி உப்புச் சேர்த்தே உண்ணவேண்டும். ஆயினும் ஓர் இனிப்புக்காக மக்கள் கோவிலை மாற்றினர் என்பது நம்பக்கூடியதே. நம் சிறுமி ஓர் இனிப்பு இல்லாததால் கோவிலுக்கே வரவில்லையே!

கடித்துத் தின்னும் சாக்லேட் மிகவும் பிந்தியது. 1828இல் ஹாலந்து நாட்டு வான் ஹூட்டன் குடும்பத்தார் கொக்கோ விதையை அழுத்திக் கொழுப்பைப் பிரிக்கும் முறைக்கு உரிமம் பெற்றனர். நாம் இன்று உருண்டையில் சேர்க்கும் தூள் அம்முறையில் கிடைப்பதே. 1847இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்துப் பிரை நிறுவனம் அச்சில் வார்த்த சாக்லேட்டைச் செய்தது. 1875இல் சுவிட்சர்லாந்தின் டேனியல் பீட்டர் பால் சேர்த்தார். மற்றவை நீங்கள் அறிந்ததே.

இந்தக் கறுப்புத் தூள் எங்கிருந்து வருகிறது? நம் வறண்ட சீமையில் கொக்கோ மரம் விளையாது; அதற்கு நிழலும் ஈரமும் வேண்டும். பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கங்களில் தென்னந்தோப்புகளின் ஊடுபயிராக வளர்க்கிறார்கள். ஆந்திரத்திலும் கேரளத்திலும் கர்நாடகத்திலும் உண்டு. ஆயினும் உலகின் கொக்கோவில் பாதிக்கு மேல் மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட், கானா ஆகிய இரு நாடுகளினின்றே வருகிறது. அடிமரத்திலேயே ஒட்டிக் காய்க்கும் அப்பழங்களை வெட்டுக்கத்தியால் அறுத்துப் பிளந்து, வெண்சதையோடு விதைகளை எடுத்து, இலைகளால் மூடி ஐந்தாறு நாள் புளிக்கவைத்து, வெயிலில் காயவைக்கிறார்கள். அந்தக் கத்தியைப் பிடிக்கும் கைகளில் பல சிறுவர் கைகள். 2001இல் சாக்லேட் நிறுவனங்கள் கூடிச் சிறுவர் உழைப்பின் கொடிய வகைகளை 2005க்குள் ஒழிப்பதாக அமெரிக்காவில் உடன்படிக்கை செய்தன. சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வு நிலையம் 2020இல் வெளியிட்ட அறிக்கையோ அவ்விரு நாடுகளிலும் கொக்கோ வேலையில் 15 இலட்சத்துக்கும் மேற்பட்ட சிறுவர்கள் இருப்பதாகக் கணக்கிட்டது. அவர்களுள் பெரும்பாலோர் சாக்லேட்டைச் சுவைத்தே அறியார் என்று அங்கு சென்று வந்தோர் எழுதுகின்றனர்.

இதைத் தாய்மார் கூட்டத்தில் சொன்னபோது சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. நம் மக்களுக்கு இது தொலைநாட்டுச் செய்தியாகப் படவில்லை. செங்கல் சூளைக்கும் கட்டட வேலைக்கும் பெற்றோர் பெயரும்போது, பள்ளிப் புத்தகத்தை மூட்டைகட்டி வைத்துவிட்டுக் கூடவே போகும் பிள்ளைகள் நம் ஊர்களிலும் உண்டு. "அப்போ நாம வாங்கவே கூடாதா சாமி?" என்று ஒருவர் கேட்டார். பொருளை வாங்குவது பொருளாதாரச் செயல் மட்டுமன்று, நன்னெறிச் செயலுமாகும் என்னும் கருத்தைத் திருத்தந்தை பதினாறாம் ஆசீர்வாதப்பர் 2009ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் வலியுறுத்தியிருக்கிறார். ஆயின் நாம் 50 கிராம் தூளை வாங்காமல் விட்டால் கானா நாட்டுச் சிறுவன் பள்ளிக்குப் போய்விடுவான் என்று சொல்ல நமக்குத் துணிவில்லை. அவன் தந்தையும் நம் தந்தையரைப் போல விலை கேட்டு வாழ்பவரே. 2024இல் அவ்விரு நாடுகளிலும் விளைச்சல் குன்றி, மரநோயும் பரவி, உலகச் சந்தையில் கொக்கோ விலை முதன்முறையாக டன்னுக்கு 10,000 டாலரைக் கடந்தது. விலையேற்றம் பயிரிட்டவன் வீட்டுக்கு முழுதும் போய்ச் சேரவில்லை. அங்கே அரசே பருவத்தின் தொடக்கத்தில் விலையை வரையறுத்துவிடுகிறது. மாங்காயையும் தக்காளியையும் விற்றுப் பழகிய பாலக்கோட்டுக் குடியானவருக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

கூட்டத்தில் ஒரு முடிவுக்கு வந்தனர். முடிவு அவர்களுடையது; நாம் கேட்டுக்கொண்டிருந்தோம். கூடியமட்டும் நம் நாட்டில் விளைந்த கொக்கோத் தூளாகப் பார்த்து வாங்குவது. தூள் கொஞ்சமாகவும் கேழ்வரகு மிகுதியாகவும் சேர்ப்பது. கொக்கோ கிடைக்காத மாதத்தில் எள்ளும் வெல்லமும் போதும். பிள்ளைகளுக்குத் தனித்தனியே பிறந்த நாள் இனிப்பு வேண்டா. மாதத்தின் கடைசி ஞாயிறன்று அம்மாதத்தில் பிறந்த பிள்ளைகள் அனைவர்க்கும் பொதுவாக ஒரே தட்டு. அத்தட்டிலுள்ளதை யார் வீட்டில் செய்தார்கள் என்று சொல்வதில்லை. பெற்றோர்க்கும் பிறந்த நாள் கொண்டாடலாமே என்று ஒரு சிறுவன் கேட்டான். விசாரித்தால் பெரியவர்களில் பாதிப்பேர் ஜூன் மாதத்திலேயே பிறந்திருக்கிறார்கள்! பள்ளியில் சேர்த்த அன்று தலைமையாசிரியர் கணித்து எழுதிய பிறந்த நாள் அது. ஜூன் மாதத்தில் எத்தனை கிலோ கேழ்வரகு வறுப்பது என்று தாய்மார் திகைத்து, அக்கோரிக்கையை ஒத்திவைத்தனர்.

முதல் தட்டை வழங்கியபோது அந்தச் சிறுமியும் வந்திருந்தாள். அவள் பிறந்த மாதம் முடிந்துவிட்டிருந்தது. ஆகவே தட்டைச் சுமக்கும் உரிமை அவளுக்கில்லை. மற்றவர்களோடு வரிசையில் நின்று ஓர் உருண்டையை வாங்கிக்கொண்டாள். பாதியைத் தின்றுவிட்டு மீதியைத் தாளில் சுற்றிப் பையில் வைத்தாள். தம்பிக்காம். அவளுடைய பிறந்த நாள் மீண்டும் வர இன்னும் பத்து மாதம் இருக்கிறது. தன் வீட்டுக் கேழ்வரகைத்தான் அம்மாதத்துக்கு வறுக்கவேண்டும் என்று இப்போதே ஆசிரியையிடம் சொல்லி வைத்திருக்கிறாளாம்.

கோவில் தெருவிலுள்ள மளிகைக் கடைக்காரர் மட்டும் சற்று வருத்தமுற்றார். ஞாயிறு காலையில் அவர் கடையில் விற்ற சாக்லேட் இப்போது விற்பதில்லை. அவரும் நம் பங்கினரே. அவர் வீட்டிலும் மூன்று பிள்ளைகள். வெல்லம், நெய், கொக்கோத் தூள் யாவும் அவரிடமே வாங்குவதென்று தாய்மார் சங்கம் சொல்லியனுப்பியது. கொக்கோத் தூளைத் தருமபுரியிலிருந்து தருவிக்கிறேன், ஆனால் ஒரு மாதத்துக்கு முன்னரே அளவைச் சொல்லிவிட வேண்டும் என்று அவர் கேட்டிருக்கிறார். கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு வேண்டிய அளவை இம்மாத இறுதிக்குள் சங்கத் தலைவியிடம் எழுதித் தாருங்கள்.